கலத்திலிருந்தா, கையிலிருந்தா? உடலமைப்பியலுக்குள் நுழைய மூன்று வழிகள்

அக்காவின் மகளுக்கு உயர்தரப் பெறுபேறு வந்து இரண்டு வாரம் ஆகிறது. உயிரியல் பிரிவு, தமிழ்மொழி மூலம். பொகவந்தலாவைப் பக்கம் தோட்டப் பாடசாலையில் தொடங்கி ஹட்டனில் முடித்த பிள்ளை. மருத்துவமா, தாதியமா, என்னைப் போல ஆய்வுகூடப் படிப்பா என்பது பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வந்தால்தான் தெரியும். எது கிடைத்தாலும் முதல் வருடத்து வாசலில் உடலமைப்பியலும், இழையத்தை (திசுவை) நுணுக்குக்காட்டியில் பார்த்துப் படிக்கும் இழையவியலும் நிற்கும். வகுப்புத் தொடங்க இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறது. பிள்ளையால் சும்மா இருக்க முடியவில்லை.

“மாமா, மொதல்ல எதப் படிக்கிறது?” என்று கேட்டாள்.

அவளிடம் ஏற்கெனவே மூன்று பதில்கள் இருந்தன. டியூஷன் சேர் சொன்னது: தடித்த புத்தகத்தை எடு, முதல் அத்தியாயம் கலம் (செல்), அங்கிருந்து மேலே ஏறு. மருத்துவ பீடத்தில் படிக்கும் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் சொன்னது: கலமெல்லாம் அப்புறம், கையை எடு, தோளிலிருந்து விரல் நுனிவரை முடி, பிறகு கால். போனில் வந்த ஒரு கட்டண வகுப்பின் விளம்பரம் சொன்னது: பதினொரு தொகுதி, பதினொரு வாரம். மூன்றிலும் பொய் இல்லை. அவரவர் ஏறி வந்த ஒற்றையடிப் பாதையை அவரவர் காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

நான் மலையகத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். சத்திரசிகிச்சையில் எடுத்து வரும் இழையத்தை மெழுகில் பதித்து, சீவி, சாயம் போட்டு, நுணுக்குக்காட்டிக்குத் தயார் பண்ணுவது என் வேலை. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கண்ணாடித் தகட்டின் மேல் எனக்குப் பாசம் அதிகம். தராசு அந்தப் பக்கம் சாய்வது போலத் தெரிந்தால் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

கலத்திலிருந்து மேலே

பாடப்புத்தகம் ஏணி மாதிரி. கலம், இழையம், அங்கம், தொகுதி, முழு உடல். இந்த ஒழுங்கில் நியாயம் இருக்கிறது. உயர்தரம் முடித்த பிள்ளைக்குப் பழகிய பாதையும்கூட. கரு, இழைமணி, கொல்கி உடல் எல்லாம் ஏற்கெனவே மனப்பாடம். ஆபத்தும் அதில்தான். தெரிந்ததையே இன்னொரு முறை, கொஞ்சம் பெரிய புத்தகத்தில் படித்து, ‘படிக்கிறேன்’ என்ற திருப்தியிலேயே நாள் போய்விடும்.

எனக்கு அப்படிப் போனது ஐந்து வாரம். பிறகு முதல் ஸ்பொட் பரீட்சை வந்தது. மேசையில் ஒரு நுணுக்குக்காட்டி, அதில் ஒரு தகடு, மணி அடிப்பதற்குள் பதில் எழுத வேண்டும். பார்த்தேன், அடுக்கடுக்காகக் கலங்கள், மேலே போகப்போகத் தட்டையாகின்றன. படைகொண்ட செதில் மேலணி, அதாவது மேற்பரப்பை மூடும் இழையத்தில் பல அடுக்குள்ள வகை. உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அடுத்த கேள்வி: எந்த அங்கம்? ‘தோல்’ என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். அது களம், அதாவது உணவுக்குழாய். தோலாக இருந்தால் மேற்பரப்பில் கரு இல்லாத, செத்த, கெரற்றின் நிறைந்த தகடுகள் உரிந்துகொண்டு இருந்திருக்கும். கீழே மயிர்ப்புடைப்போ வியர்வைச் சுரப்பியோ தட்டுப்பட்டிருக்கும். இதில் மேல் வரிசைக் கலங்களிலும் கரு அப்படியே இருந்தது, அடியில் தடித்த தசை இருந்தது. நான் கலத்தை மட்டும் பார்த்தேன். அது குடியிருந்த வீட்டைப் பார்க்கவில்லை.

மேலணியின் வகைகளை ஒருவர் பட்டியலாகப் பாடமாக்கலாம். எளிய செதில், எளிய கனவடிவம், எளிய கம்பம், படைகொண்ட செதில். இரவில் பாடமாக்கினால் விடியும்போது பாதி போயிருக்கும். உராய்வு படும் இடத்தில் பல அடுக்கு, வாயு கடக்கும் இடத்தில் ஒரே ஒரு மெல்லிய அடுக்கு, உறிஞ்சும் இடத்திலும் சுரக்கும் இடத்திலும் உயரமான கம்பக் கலம் என்று வேலையோடு சேர்த்துப் பார்த்தால் பட்டியலே தேவையில்லை. சுவாசப்பையின் சிற்றறையில் எது இருக்கும், சிறுகுடலில் எது இருக்கும் என்று ஊகித்தே சொல்லிவிடலாம். ஆனால் வேலை தெரிய வேண்டுமானால் அங்கம் தெரிந்திருக்க வேண்டும். ஏணியின் முதல் படியில் நிற்பவருக்கு அது தெரியாது.

இன்னொரு உதாரணம் எங்கள் ஊருக்கே சொந்தமானது. மேலணி இழையத்தில் குருதிக்கலன் கிடையாது என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். வாசித்துவிட்டுத் தாண்டிவிடுவோம். மழைக்காலத்தில் மலையில் அட்டை கடித்து, காலுறையைக் கழற்றும்போது இரத்தம் நிற்காமல் வழிந்த அனுபவம் இல்லாதவர் இங்கே யார்? மேல்தோல் முழுக்க மேலணி. அதில் எத்தனை நேரம் கடித்தாலும் ஒரு சொட்டும் வராது. அட்டை அதைத் தாண்டி, மயிர்த்துளைக் குழாய்கள் ஓடும், தொடுப்பிழையத்தாலான உட்தோல்வரை போகிறது. கூடவே குருதியை உறைய விடாத பொருளையும் உமிழ்நீரில் கலந்து விடுகிறது. தொடுப்பிழையம் எங்கே தொடங்குகிறது என்பதை அட்டைக்குத் தெரிந்த அளவுக்கு அன்று எனக்குத் தெரியாது.

வரலாறும் கீழிருந்து மேலே ஏறவில்லை. இத்தாலியின் மோர்காக்னி 1761-இல் நோயின் இருப்பிடம் அங்கம் என்று காட்டினார். பிரான்சின் பிஷா 1800-ஐ ஒட்டி, அங்கம் அல்ல, அதற்குள் இருக்கும் இழையம் என்றார். 21 வகை இழையங்களைப் பிரித்தார், அதுவும் நுணுக்குக்காட்டியை நம்பாமல், வெறும் கண்ணாலும் ஊறவைத்தும் அவித்தும் உலர்த்தியும் பார்த்து. ஷ்லைடனும் ஷ்வானும் கலக்கொள்கையைச் சொன்னது 1838, 1839-இல்தான். நோய் கலத்தில் இருக்கிறது என்று விர்ச்சோ எழுதியது 1858-இல். அங்கம், இழையம், கலம் என்று மனிதர்கள் ஒரு நூற்றாண்டு நடந்து இறங்கிய பாதையைப் புத்தகம் தலைகீழாக்கிப் பிள்ளைகளிடம் கொடுக்கிறது. பாடத்தைத் தொகுத்துப் பார்க்க அது நல்ல ஒழுங்கு. முதன்முதலாகக் கற்பதற்கு அல்ல என்பது என் எண்ணம்.

தொகுதி தொகுதியாக

விளம்பரக்காரர் சொன்ன வழி. அவர் கட்டணத்தை விட்டுவிடுவோம். சென்ற வருடம் எங்கள் லயத்துத் தம்பி ஒருவன் இப்படி ஒரு வகுப்பில் சேர்ந்தான், ஏழாவது வாரத்தோடு ஆசிரியரையே காணோம். ஆனால் வழி நல்ல வழி.

காரணம், இழையவியலுக்கு இதைவிடச் சிக்கனமான ஒழுங்கு இல்லை. சமிபாட்டுத் தொகுதியை எடுங்கள். களத்திலிருந்து பெருங்குடல்வரை ஒரே குழாய். அதன் சுவர் எங்கே வெட்டினாலும் அடிப்படையில் நான்கு படை: உள்ளே சீதப்படை, அதன் கீழே தொடுப்பிழையம், பிறகு தசை, வெளியே ஒரு போர்வை. எங்கள் லயம் மாதிரிதான். பத்துக் காம்பராவுக்கும் ஒரே சுவர், ஒரே தகரம், ஒரே வாசல். உள்ளே போனால்தான் யார் வீடு என்று தெரியும். ஒரு காம்பராவைத் தெரிந்துகொண்டால் மற்றதில் வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் போதும். இரைப்பையில் குழிகள். சிறுகுடலில் விரல் விரலாகச் சடைமுளைகள். அதிலும் முதல் பகுதியான முன்சிறுகுடலில் மட்டும் இரண்டாம் படைக்குள் சுரப்பிகள் கொத்தாக இருக்கும். பெருங்குடலில் சடைமுளையே இல்லை. சளி சுரக்கும் கிண்ணக் கலங்கள் வெள்ளை வெள்ளையாக நிறைந்திருக்கும். ஐந்து தகட்டைத் தனித்தனியாகப் பாடமாக்குவதற்கும் ஒரு தகட்டையும் நாலு வித்தியாசத்தையும் வைத்துக்கொள்வதற்கும் எவ்வளவு தூரம்!

தாதியம் கிடைத்தாலும் ஆய்வுகூடப் படிப்பு கிடைத்தாலும் இந்த ஒழுங்கே கைகொடுக்கும். உடற்றொழிலியலும் தொகுதியாகத்தான் வரும், நோய்களும் பெரும்பாலும் தொகுதியாகத்தான் வரும். ஒன்றைப் படித்தால் மற்றது ஒட்டிக்கொள்ளும்.

குறை என்னவென்றால், தொகுதி என்பது காகிதத்தில் இருப்பது. மனிதரைத் தொட்டால் கைக்குக் கிடைப்பது தொகுதி அல்ல.

பகுதி பகுதியாக

என் அம்மா, அதாவது பிள்ளையின் அம்மாயி, முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். சில வருடமாக நடுச்சாமத்தில் எழுந்து கையை உதறுவார். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போகும், மோதிரவிரலில் பாதி. “சுண்டுவெரலு மட்டும் நல்லாருக்கு, அது ஏன்டா?” என்று என்னைக் கேட்டார்.

அந்தக் கேள்விக்குத் தொகுதிப் புத்தகத்தில் பதில் தேடினால் மூன்று அத்தியாயம் புரட்ட வேண்டும். எலும்பு ஒரு பக்கம், தசை ஒரு பக்கம், நரம்பு ஒரு பக்கம். மணிக்கட்டில் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. எட்டுச் சிறிய எலும்புகள் இரண்டு வரிசையில் நின்று உள்ளங்கைப் பக்கம் ஒரு பள்ளம் செய்கின்றன. பள்ளத்தின் மேல் தடித்த இழைப்பட்டை ஒன்று பாலம் போலக் கிடக்கிறது. அந்தச் சுரங்கத்துக்குள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரே ஒரு நரம்பும், மீடியன் நரம்பு, நெருக்கியடித்துப் போகின்றன. சுரங்கத்துக்குள் இடம் குறைந்தால் முதலில் அழுவது நரம்பு. அது உணர்ச்சி கொடுக்கும் விரல்கள்தாம் மரத்துப்போகும். சுண்டுவிரலுக்குப் போகும் அல்நார் நரம்பு சுரங்கத்துக்கு வெளியே போகிறது, ஆகவே அது தப்பித்துவிட்டது.

பிள்ளையை அம்மாயியின் முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அம்மாயியிடம், கொழுந்து கிள்ளுவது போலச் செய்யுங்கள் என்றேன். ரெண்டு இலை, ஒரு அரும்பு. அசைவது விரல் நுனி. பிள்ளையின் கைக்குள் புரள்வது முன்கை. விரலுக்குள் விரலை மடக்கும் தசை கிடையாது, அது முன்கையில் இருந்துகொண்டு நாணால் இழுக்கிறது என்பதை இதற்கப்புறம் யாரும் அவளுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இதுதான் பகுதி வழியின் பலம். மருத்துவ பீடத்தில் சடலத்தை வெட்டிப் படிப்பது இந்த ஒழுங்கில்தான் வசதி. கையைத் திறந்தால் கையில் உள்ள எல்லாமும் ஒன்றாகத்தான் வெளியே வரும். 1962-இல் பேராதனையில் நாட்டின் இரண்டாவது மருத்துவ பீடம் தொடங்கியதிலிருந்து மலைநாட்டுக்கும் அந்த மண்டபத்துக்கும் பேருந்து தூரம்தான். தங்கள் உடலைப் பீடத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போகிறவர்களால்தான் அந்த மேசைகளில் பாடம் நடக்கிறது. தமிழுக்கும் இந்த ஒழுங்கு புதிதல்ல. பாதத்திலிருந்து கூந்தல்வரை பாடினால் பாதாதிகேசம், மேலிருந்து கீழே வந்தால் கேசாதிபாதம். 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னாளில் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் உடலமைப்பியலுக்கு வைத்துக்கொண்ட சொல் அங்காதிபாதம். கேட்டாலே ஒருவர் உடலைத் தடவிக்கொண்டே போவது போல இல்லையா?

ஆனால் இந்த வழியில் இழையவியல் அநாதையாகிவிடும். முன்கையைப் படிக்கும் வாரத்தில் எந்தத் தகட்டைப் பார்ப்பது? தசை, நாண், நரம்பு, எலும்பு, தோல், நாடி எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பார்த்தால் எல்லாம் ரோஸ் நிறமாக மட்டும் மனதில் நிற்கும். நீளவாக்கில் வெட்டிய நரம்பையும் நாணையும் மழமழப்பான தசையையும் அருகருகே வைத்தால் முதல் வருடத்தில் பாதிப்பேர் திணறுவார்கள். நாணில் கொலாஜன் நார்கள் நேர்நேராகக் கிடக்கும், நடுவே ஒடுங்கிய கருக்கள் வரிசையாக. நரம்பு அலை அலையாக வளைந்து போகும். தசையில் கரு கலத்துக்குள்ளேயே இருக்கும். சொல்லிவிட்டால் சுலபம், கண் பழக நாள் வேண்டும்.

எதை வைத்துப் பார்ப்பது

ஒழுங்கைவிட இந்தக் கேள்விதான் எங்களுக்குப் பெரிசு. அக்காவின் சம்பளத்தில் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது?

நுணுக்குக்காட்டி வாங்க வேண்டாம். பிள்ளை ஆசைப்பட்டாள், நான் மறுத்தேன். மலிவானதில் பார்த்தால் கண்தான் வலிக்கும், நல்லது கைக்கு எட்டாது. அது போக, நம்ம ஊர்ப் பனியிலும் ஈரத்திலும் வில்லைக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும்; சிலந்தி வலை மாதிரி ஒரு படலம், துடைத்தாலும் போகாது. அப்படிப் போன வில்லைகளை நான் பார்த்திருக்கிறேன். பழைய பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரு மணித்தியாலம் கேட்டு வாங்கி, பல்குச்சியின் மொட்டை முனையால் தன் கன்னத்து உட்பக்கத்தை மெல்லச் சுரண்டி, மெதிலின் நீலம் ஒரு துளி விட்டுப் பார்த்தால் போதும். செதில் மேலணி என்பது எப்படி இருக்கும் என்று அவளுடைய சொந்தக் கலமே காட்டும்.

தகடுகளுக்குப் போன். முழுத் தகட்டையும் ஸ்கேன் பண்ணி இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தொகுப்பு ஒன்று திறந்தே கிடக்கிறது. பெரிதாக்கலாம், நகர்த்தலாம். சிக்கல் சிக்னல். கொரோனா காலத்தில் பிள்ளைகள் வகுப்புக்காக மலையுச்சிக்கும் பாறைக்கும் ஏறியதை மறக்க முடியுமா? இப்போதும் எங்கள் லயத்தில் ஜன்னல் ஓரம் மட்டும்தான் இரண்டு கோடு வரும். நடுச்சாம டேட்டாவில் ஒரு நாளைக்கு இரண்டு தகடு என்று வைத்துக்கொண்டால் கட்டுபடியாகும்.

போனில் பார்ப்பவர்களிடம் ஒரு கெட்ட பழக்கத்தைக் கவனித்திருக்கிறேன். திறந்த உடனே ஆகப் பெரிதாக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் எதுவும் தெரியாது. எங்களிடம் வரும் வைத்தியர்கள் முதலில் தகட்டை வெளிச்சத்தில் தூக்கி வெறும் கண்ணால் பார்ப்பார்கள், பிறகு ஆகக் குறைந்த உருப்பெருக்கம், கடைசியில்தான் பெரியது. அளவுக்கு ஒரு உள்ளூர் அடிமட்டமும் உண்டு: செங்குருதிக் கலம். ஏறத்தாழ 7 மைக்ரோமீற்றர் குறுக்களவு, எந்தத் தகட்டிலும் ஒரு மூலையில் கிடக்கும். அதை வைத்து மற்றதை அளக்கலாம்.

தகடு எப்படி உருவாகிறது என்று ஒருமுறை தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். இழையத்தைப் போர்மலினில் ஊறவைக்கிறோம். படிப்படியாகச் செறிவு கூடிய மதுசாரத்தில் நீரை எடுக்கிறோம், சைலீனில் மதுசாரத்தை எடுக்கிறோம், உருகிய மெழுகில் பதிக்கிறோம். பிறகு 4 அல்லது 5 மைக்ரோமீற்றர் தடிப்பில் சீவுகிறோம். ஒரு செங்குருதிக் கலத்தின் அகலம்கூட இல்லை. கத்தியில் இருந்து மெழுகுச் சீவல் ரிப்பன் போல நீண்டு வரும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டால் சுருக்கம் விரியும், கண்ணாடித் தகட்டைச் சாய்த்து அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தூக்குவேன், இன்றுவரை. கடைசியில் இரண்டு சாயம். ஹிமாடொக்சிலின் கருவை நீல ஊதாவாக்கும். அது மத்திய அமெரிக்க மரம் ஒன்றின் வைரத்திலிருந்து எடுப்பது. இயோசின் மற்றதை ரோஸாக்கும். சைலீன் கொழுப்பைக் கரைத்துவிடுவதால் கொழுப்புக் கலம் தகட்டில் வெறும் வெள்ளை ஓட்டையாகத் தெரியும். அந்த ஓட்டையைக் காற்று என்று எழுதிய பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

சீவல் என்பது தட்டை, அங்கம் தட்டையல்ல. இதைப் புரியவைக்க நுவரெலியா லீக்ஸைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. பிள்ளையிடம் ஒரு லீக்ஸைக் கொடுத்தேன். குறுக்கே வெட்டு: வட்டத்துக்குள் வட்டம். சாய்த்து வெட்டு: முட்டை வடிவம். நீளவாக்கில் பிள: பக்கத்தில் பக்கம் கோடுகள். மூன்றும் ஒரே லீக்ஸ்தான். சிறுநீரகத் தகட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வட்டமும் முட்டையும் கோடுமாகத் தெரிவது மூன்று வகைக் குழாய் இல்லை. வளைந்து வளைந்து போகும் குழாய்களைக் கத்தி வெவ்வேறு இடத்தில் சந்தித்திருக்கிறது. அன்றைய சுண்டலுக்கு லீக்ஸ் வீணாகவில்லை.

அட்லஸ் ஒன்று வேண்டும். பழைய பதிப்பு போதும், கண்டியில் கைமாறி வரும். உடல் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை. பெயர்கள்தான் ஒன்றிரண்டு மாறும். வரைந்த அட்லஸில் நாடி சிவப்பு, நாளம் நீலம், நரம்பு மஞ்சள். போர்மலின் ஏறிய உடலில் எல்லாம் ஒரே சாம்பல் கலந்த பழுப்பு. அந்த அதிர்ச்சிக்கு இப்போதே மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளட்டும்.

அப்புறம் இறைச்சிக் கடை. என் கணக்கில் இதுதான் ஆக மலிவான, ஆகச் சிறந்த ஆய்வுகூடம். கடைக்காரரிடம் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும்: ஆட்டு இதயம் ஒன்று, கீறாமல், மேலே உள்ள குழாய்களை ஒட்ட நறுக்காமல். கசாப்புக் கொக்கியில் இதயமும் சுவாசப்பையும் ஈரலும் ஒன்றாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டுப் பிள்ளை, “ஈரக்கொல நடுங்குதுன்னு அம்மாயி சொல்றது இதத்தானா?” என்றாள். இதேதான்.

இதயத்தைக் கையில் வைத்து அமுக்கச் சொன்னேன். ஒரு பக்கம் தொளதொள, ஒரு பக்கம் கெட்டி. கெட்டியானது இடது இதயவறை. மேலே தெரியும் தடித்த குழாய்க்குள் பென்சிலை விட்டாள். அந்த அறைக்குள்ளேயே போய் இறங்கியது. அப்போ அதுதான் பெருநாடி. பிறகு கத்தி. இடது சுவர் வலது சுவரைவிட மூன்று மடங்கு தடிப்பு இருக்கும். வால்வுகளை இழுத்துப் பிடிக்கும் நாண்கள் தையல் நூல் மாதிரி விறைப்பாக நின்றன. பெருநாடிக்குள் தண்ணீர் ஊற்றினால் மூன்று பிறை வால்வும் மூடிக்கொண்டு தண்ணீரைத் தாங்கும்; அந்த வால்வுக்குச் சற்று மேலே இரண்டு சிறு துளை, இதயத்துக்கே குருதி கொடுக்கும் முடியுரு நாடிகள் புறப்படும் இடம். அம்மாயி திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். “இவ்வளவு நாளா ஆக்கித் தின்னேன், ஒரு நாளும் உள்ள பாக்கல.”

அன்று இரவு போனில் இதயத்தசைத் தகடு. கோடு போட்ட தசை, ஆனால் கிளை விட்டு ஒன்றோடொன்று பின்னியிருக்கிறது, கரு நடுவில், கலமும் கலமும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு தடித்த கோடு. எலும்புத் தசையில் கரு ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கும். பகலில் அந்த இறைச்சியை நாரோடு நார் பிரிக்க முடியாமல் திணறியவளுக்கு, அது ஏன் பின்னியிருக்கிறது என்று கேட்கவே தேவைப்படவில்லை.

ஆனால் ஆடு மனிதர் இல்லை. வாதநாளியில், அதாவது மூச்சுக்குழாயில், பின்பக்கம் திறந்த கசியிழைய (குருத்தெலும்பு) வளையங்கள் நமக்கும் உண்டு, தடவிப் பார்க்கலாம். அதே வாதநாளியில் வலது சுவாசப்பையின் மேல் சோணைக்கு (மேல் மடலுக்கு) நேராக ஒரு தனிக் கிளை பிரியும். அது ஆட்டுக்கு, நமக்கு இல்லை. இரைப்பை வேண்டவே வேண்டாம், நாலு அறை. சிறுநீரகத்தில் ஆட்டுக்கு உள்ளே ஒரே முகடுதான். மனிதருக்குப் பல கூம்பகங்கள். மாட்டினது வெளியேயே சோணை சோணையாக இருக்கும். மனிதருக்குக் கிட்ட வருவது பன்றியினது.

மொழி என்கிற நாலாவது பாதை

தமிழில் தேடினால் காணொளிகள் நிறைய வரும், பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து. நல்லவையும் உண்டு. ஆனால் நாம் கலம் என்பதை அவர்கள் செல் என்பார்கள், இழையம் திசு, தொகுதி மண்டலம், சதையி கணையம், கசியிழையம் குருத்தெலும்பு, நாடி தமனி, நாளம் சிரை. இதையெல்லாம் ஒரு வாரத்தில் பழகலாம். விழுந்துவிடும் குழி வேறு: அவர்கள் நாளமில்லாச் சுரப்பி என்றால் கான், அதாவது சுரந்ததைக் கொண்டுபோகும் குழாய், இல்லாத சுரப்பி. நம் பிள்ளை அதை ‘நாளக் குருதிக்கலன் இல்லாத சுரப்பி’ என்று எழுதிவைத்திருந்தாள். குருதியிலேயே கலக்க வேண்டிய ஓமோனுக்குக் குருதிக்கலன் இல்லையென்றால் அது எங்கே போகும்?

பல்கலைக்கழகத்தில் எல்லாம் ஆங்கிலத்தில். அதற்காக இப்போதே ஆங்கிலப் புத்தகத்தோடு மல்லுக்கட்ட வேண்டுமா? வேண்டாம் என்பேன். சொல்லின் வேர்களை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். ஆஸ்டியோ எலும்பு, காண்ட்ரோ கசியிழையம், நெஃப்ரோ சிறுநீரகம், ஹெப்பாட்டோ ஈரல். பிளாஸ்ட் கட்டுவது, கிளாஸ்ட் உடைப்பது. ஆஸ்டியோபிளாஸ்டும் ஆஸ்டியோகிளாஸ்டும் அப்படியே திறந்துகொள்ளும். ஐம்பது அறுபது வேர் ஒரு பழைய கொப்பியில் எழுதினால் முதல் மாத விரிவுரையில் தலை சுற்றாது. கருத்தை இழையம், மேலணி என்று தமிழில் நினைத்துவிட்டுப் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நான் இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சரி, அவளுக்கு நான் என்ன சொன்னேன்? வெட்டுப்புள்ளி வரும்வரை அங்கத்திலிருந்து தொடங்கு. கையில் வைத்துப் பார், வெட்டு, அதே இரவில் அதன் தகட்டைப் பார், பிறகு அந்தத் தொகுதியை வாசி. கலத்தைத் தேவைப்படும்போது மட்டும் திற, கதவு உனக்கு ஏற்கெனவே தெரியும். மருத்துவம் கிடைத்தால் அந்த வாரமே பகுதி வழிக்கு மாறு, மேல் அவயவத்திலிருந்து ஆரம்பி. இழையவியலை மட்டும் தொகுதியிலேயே விட்டுவை. தாதியமோ ஆய்வுகூடமோ என்றால் தொகுதியிலேயே போ. கட்டண வகுப்பு வேண்டாம். அந்தக் காசில் அட்லஸ்.

இதுவரை இதயமும் வாதநாளியும் முடிந்திருக்கின்றன. ஈரல் தண்ணீரில் தாழ்வதையும் சுவாசப்பைத் துண்டு மிதப்பதையும் அவளே ஒரு வாளியில் போட்டுப் பார்த்திருக்கிறாள். அடுத்தது சிறுநீரகம். இரண்டு வேண்டுமாம், ஆட்டினது ஒன்று, பன்றியினது ஒன்று, பக்கத்தில் பக்கம் பிளந்து வைக்க. நாளைக்குப் போயா, பௌர்ணமி விடுமுறை, கடை மூடியிருக்கும். மறுநாள் வெள்ளி, அம்மாயி வீட்டுக்குள் விடமாட்டார். சனிக்கிழமைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.